பூட் ஆகாத கம்ப்யூட்டரை ‘டேட்டா ரெக்கவரி’க்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள்

நேற்று ராத்திரிதான் கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் கடைசியில் படிப்படியாகச் சொல்கிறேன்.

விண்டோஸ் 11-இன் அடுத்த பதிப்புக்கு அப்கிரேடு ஓடும்போது பாதியில் நின்றது. இரண்டு மூன்று தடவை தானே ரீஸ்டார்ட் ஆகி, கடைசியில் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் கேட்கும் கேள்விதான் அது, டிஸ்க் சாகவில்லை. பூட் கோப்போ மதர்போர்டின் பயாஸ் அமைப்போ மாறியதாகத் தெரிந்தால், சாவியைக் காத்து வைத்திருக்கும் டிபிஎம் சிப் அதைக் கொடுக்காது. அப்கிரேடு நடுவழியில் கவிழ்ந்தால் அப்படித்தான் ஆகும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் ஹோம் பதிப்பில், பல மெஷின்களில் நாம் கேட்காமலேயே டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் இந்தப் பூட்டு ஆன் ஆகியிருக்கும். அந்த 48 இலக்கமும் நாம் கேட்காமலேயே அதே கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, டிவைஸ் பட்டியலில் ரெக்கவரி கீ என்று இருப்பதைத் தட்டினால் போதும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான் சாவி. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்துக்குப் பதிலாக, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு சர்வீஸ் ஆப்பில் புக் செய்ததுதான் தப்பு. பெயர் போடப்போவதில்லை, இந்த ரகத்தில் நிறைய இருக்கின்றன. வந்தவர் திரையைப் பார்த்ததும், “சார், இது வைரஸ் போட்ட லாக். டேட்டாவை லேபில்தான் எடுக்கணும்” என்றார். அப்போதே சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் எஸ்எஸ்டியைக் கழற்றிய விதம் இருக்கிறதே! ஸ்டேட்டிக் பிடிக்காத வெள்ளி உறையில் போட்டார், சீரியல் நம்பரை எழுதி ஒட்டினார், போட்டோ எடுத்து அனுப்பினார். இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஆள் ஏமாற்ற மாட்டார் என்று பட்டுவிட்டது. டேப்லெட்டை நீட்டினார், விரலால் ஒரு கோடு இழுத்தாயிற்று. கட்டிய தொகை மாதச் சம்பளத்தில் கால் பங்கு. அந்த ஜாப் ஷீட்டில் ‘ரெக்கவரி’க்கு மேல் வரியில் ‘ஓஎஸ் ரீஇன்ஸ்டால்’ இருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

என்ன செய்தார்கள் தெரியுமா? முதலில் ஃபார்மட். அதன் பிறகு ரெக்கவரி!

ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஃபார்மட் செய்த பிறகும் கொஞ்சம் மீட்கலாம். எஸ்எஸ்டியில் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ததும் விண்டோஸ் ட்ரிம் கட்டளை அனுப்பிவிடும், அந்த இடத்தில் இருந்ததெல்லாம் காலி என்று டிரைவ் எடுத்துக்கொள்ளும். போதாததற்கு இது என்க்ரிப்ட் ஆன டிஸ்க். சாவியைத் தாங்கி நின்ற தகவலே ஃபார்மட்டோடு போன பிறகு 48 இலக்கம் கையில் இருந்தும் பிரயோசனமில்லை. இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. தெரியாமல் செய்தார்கள் என்று நம்ப நான் தயாரில்லை.

‘ரெக்கவரி’ என்று ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். உள்ளே நான்காயிரத்துச் சொச்சம் படங்கள். திறந்தால் நீலப் பூ வால்பேப்பர், செட்டிங்ஸ் ஐகான், கால்குலேட்டர் ஐகான், மறுபடியும் நீலப் பூ. புதிதாகப் போட்ட விண்டோஸின் படங்களையே ரெக்கவரி சாஃப்ட்வேர் வாரிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. இதற்குத்தான் கால் மாதச் சம்பளம்.

அதோடு விட்டார்களா? பில்லில் ‘ஒரிஜினல் லைசென்ஸ்’ என்று தனி வரி. லைசென்ஸ் எந்த வகை என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு, டி-எல்-ஐ அடித்துப் பாருங்கள். இங்கே வந்த பதில்: வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட், காலாவதிக்கு 2,59,200 நிமிடம். அதாவது 180 நாள். கம்பெனிகளுக்கான ஆக்டிவேஷன் முறையைப் போலியாக ஓட்டும் திருட்டு வேலை. ஏற்கெனவே இருந்த ஹோம் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்த டிஜிட்டல் லைசென்ஸ், அதே ஹோமைத் திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தாலே ஆக்டிவேட் ஆகிவிடும். இவர்கள் ஹோமுக்குப் பதிலாக ப்ரோ பதிப்பைப் போட்டதால்தான் அது ஒட்டவில்லை. சொந்த லைசென்ஸை மறைத்துவிட்டுத் திருட்டு லைசென்ஸை விற்றிருக்கிறார்கள்.

போன் போட்டால் முதல் தடவை, “டெக்னீஷியன் லீவு சார்.” இரண்டாவது தடவை, “டிக்கெட் போட்டாச்சு, 48 மணி நேரத்தில் கூப்பிடுவாங்க.” 48 இலக்கத்தைக் கேட்கத் தெரியாதவர்கள் 48 மணி நேரம் கேட்கிறார்கள். மூன்றாவது தடவை ஒரு பெண் பொறுமையாக, “டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு நீங்கதானே சார் சைன் பண்ணியிருக்கீங்க?” அதற்குப் பிறகு ரிங் போகிறது, எடுப்பதில்லை. கால் மாதச் சம்பளம் போனது போனதுதான் போலிருக்கிறது.

சரி, சொன்னபடி செய்ய வேண்டியவை. முழுசாக எழுதப் பொறுமையில்லை, முக்கியமானதை மட்டும்.

சாவி கிடைத்ததும் ரெக்கவரித் திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், அதில் ஃபீச்சர் அப்டேட். பெரும்பாலும் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும். அப்கிரேடு முடிந்த பிறகு தகராறு என்றால் பின்வாங்க 10 நாள்தான் அவகாசம், அதுவரை விண்டோஸ் ஓல்டு ஃபோல்டரைத் தொடாதீர்கள்.

அது நடக்காவிட்டாலும் கோப்புகளை நீங்களே எடுக்கலாம். அதே மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கேட்டால் சாவியைக் கொடுத்து, நோட்பேட் என்று அடியுங்கள். ஃபைல், ஓப்பன் போய், ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் டிஸ்க் முழுக்கத் தெரியும், காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டலாம். ஒட்டிய பிறகு அந்த ஜன்னல் தானாகப் புதுப்பித்துக் காட்டாது, பயந்துவிடாதீர்கள். சி டிரைவ் அங்கே டி என்றோ ஈ என்றோ தெரியலாம்.

ஃபார்மட் என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும், முதலில் டிஸ்க்கின் முழுப் பிரதி ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால் மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

விரலால் கோடு இழுக்கும் முன் எல்லா வரியையும் படியுங்கள்.

பூட் ரிப்பேர் பற்றியும் எழுத நினைத்தேன். ஹோமைத் திரும்பப் போட இப்போதுதான் யுஎஸ்பி தயார் ஆகிக்கொண்டிருக்கிறது, அந்த வேலையைப் பார்க்கிறேன்.