ஹேண்டிகேமா, மிரர்லெஸ்ஸா? ஈரக்காற்று ஊரில் எது தாங்கும்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வீட்டு விசேஷம் எடுக்க ஒரு வீடியோ கேமரா வேண்டும் என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். கையில் போன் இருக்கே என்பார் ஒருவர், உள்ளங்கையில் பிடித்து எடுக்கும் வீடியோ கேமராவான ஹேண்டிகேம்தான் லாயக்கு என்பார் இன்னொருவர், இந்தக் காலத்தில் லென்ஸ் கழற்றி மாட்டும் மிரர்லெஸ் கேமரா இல்லாமலா என்பார் மூன்றாமவர். நான் அந்த மூன்றாவது கட்சி. சோனி இசட்வி-இ10, கூடவே வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸ், பிறகு தூரத்துக்கென்று தனியாக ஒரு 55-210 மி.மீ. லென்ஸ். ஆகவே என் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தெரிந்தே படியுங்கள்.

போன் கதையை முதலில் முடித்துவிடலாம். பகலில், பக்கத்தில் நின்று எடுக்கத் தாராளமாகப் போதும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கப் போனால் ஜூமில் முகம் கரைந்துவிடும், போன் கொதிக்கும், நடுவில் மாமா வேறு கூப்பிடுவார்.

ஹேண்டிகேமுக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும். சோனி ஏஎக்ஸ்43ஏ-வில் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம். என் கிட் லென்ஸில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தேவாலயத்தில் புதுநன்மைக்குப் பிள்ளை பீடத்தின் முன் நிற்கும்போது, வாசல் பக்கம் உட்கார்ந்தபடியே அதன் முகத்தைப் பிடித்துவிடலாம். கை நடுக்கத்தையும் ஹேண்டிகேம் நன்றாக அடக்கும், உள்ளே லென்ஸ் தொகுதியே மொத்தமாக அசைந்து ஈடுகட்டுகிறது. இசட்வி-இ10 உடலுக்குள் அப்படி எதுவும் இல்லை, ஸ்டாண்டு இல்லாமல் நீள ஜூம் போட்டால் படம் ஆடும்.

நேரக் கணக்கும் அதன் பக்கம்தான். பழைய ஸ்டில் கேமராக்களில் 29 நிமிடம் 59 நொடி ஆனதும் பதிவு தானே நின்றுவிடும். அரை மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்தால் அது வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் சுங்க வரி போட்டதால் வந்த வினை அது. இசட்வி-இ10-இல் அந்தத் தடை இல்லை. ஆனால் 4கே-யில் விடாமல் ஓட்டினால் சூடாகி அணையும் சுபாவம் உண்டு. ராத்திரி முழுக்க ஓடும் நிகழ்ச்சிகளை நான் எச்டி-யில்தான் எடுக்கிறேன். இசட்வி-இ10-இன் பேட்டரி சின்னது, பவர் பேங்கைச் சொருகியபடியே ஓட்டலாம் என்பதால் சமாளிக்கிறேன்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் மிரர்லெஸ்ஸின் பெரிய சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, கைகொடுக்கும். பரப்பளவில் ஹேண்டிகேமைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஆனால் என் 55-210 முழு ஜூமில் எஃப் 6.3, ஹேண்டிகேம் முழு ஜூமில் எஃப் 3.8; இந்த எண் சின்னதாக இருந்தால்தான் வெளிச்சம் அதிகம் புகும். அந்த லாபத்தில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. மைக் சொருக இரண்டிலும் இடம் உண்டு.

இதுவரை படித்தால் ஹேண்டிகேம் வாங்கு என்றுதான் தோன்றும். சென்னையில் இருந்தால் நானும் ஒருவேளை வாங்கியிருப்பேன். என்னைத் திருப்பியது ஃபங்கஸ், அதாவது பூஞ்சை.

நம் ஊருக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. துணி காயாத, செருப்பில் பூசணம் பூக்கிற மாதங்கள். காற்றின் ஈரப்பதம் நாள்கணக்காக 60, 70 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும். வளர விட்டால் அது கக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது.

என் அத்தானின் ஹேண்டிகேம் லெதர் கவரோடு அலமாரியில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே தூங்கியது. இருட்டு, காற்றோட்டம் இல்லை, போதாததற்கு ஈரம் குடிக்கிற தோல். மழைக்காலம் கழிந்து எடுத்தபோது சாதாரண ஜூமில் எதுவும் தெரியவில்லை. முழு ஜூமில் வானத்தைக் காட்டினால் பால் கலந்ததுபோல் ஒரு வெளுப்பு. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால், முன் கண்ணாடிக்குப் பின்னால் கிளை கிளையாகப் பிரிந்த வெள்ளை நூல்கள். தூசி என்றால் புள்ளியாக இருக்கும், இது வேர் விட்டிருந்தது.

பழுது பார்க்கிறவர் சொன்னது: "லென்ஸ் பிளாக்கை மொத்தமா கழட்டணும் அண்ணே. கழட்டுனா ஃபோகஸ் பழையபடி உக்காரும்னு நான் வாக்குத் தர மாட்டேன்." ஹேண்டிகேமில் லென்ஸும் உடலும் ஒன்று. லென்ஸ் போனால் கேமராவே போன மாதிரிதான்.

மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றலாம். ஒன்றில் ஃபங்கஸ் பிடித்தால் அதை மட்டும் சர்வீஸுக்குக் கொடுக்கலாம், தேறாவிட்டால் ஒதுக்கிவிட்டு வேறொன்று வாங்கலாம், உடல் பிழைக்கும். மாதம் ஒருமுறை லென்ஸைக் கையில் எடுத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் கண் வைத்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே பிடிபடும். ஹேண்டிகேமில் ஒரே பக்கம்தான் பார்க்க முடியும், அதுவும் மூடி திறக்க அதை ஆன் செய்ய வேண்டும். செகண்ட் ஹேண்டில் விற்கப் போனாலும் இதே கதை. லென்ஸைக் கழற்றிப் பார்த்து வாங்க ஆள் உண்டு, உள்ளே பார்க்க முடியாத பழைய ஹேண்டிகேமுக்கு யார் துணிந்து விலை சொல்வார்?

மிரர்லெஸ்ஸுக்கு இதில் ஒரு குறையும் உண்டு. சாரலில் நின்று லென்ஸ் மாற்றினால் ஈரமும் தூசியும் நேரே சென்சாரில் இறங்கும். மாற்றுவதை நான் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறப்பதும் இல்லை. கேமராவின் குளிர் தணியாமல் எடுத்தால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும்.

எதை வாங்கினாலும் லெதர் கவரைத் தூர வையுங்கள். ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, அதில் நீலச் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். ஈரப்பதத்தைத் தானே குறைத்து வைக்கும் டிரை கேபினட் அலமாரி இன்னும் வசதி, காசு இருந்தால்.

பானாசோனிக்கின் இதே மாதிரிக் கேமராக்களை நான் கையாண்டதில்லை, மேலே சொன்னதெல்லாம் சோனி வைத்துச் சொன்னது. வாரம் தவறாமல் எடுப்பவர், ஸ்டாண்டு தூக்கப் பிடிக்காதவர், நீள நிகழ்ச்சி மட்டுமே எடுப்பவர் என்றால் ஹேண்டிகேமே வாங்கலாம். அடிக்கடி வெளியே வரும் கேமராவை ஃபங்கஸ் அவ்வளவு சீக்கிரம் அண்டாது. வருஷத்துக்கு நாலு விசேஷம், மற்ற நாள் அலமாரி என்கிற வீட்டுக்குத்தான் லென்ஸ் கழற்றுகிற கேமரா என்கிறேன்.