எடை குறைப்பு ஆபரேஷன் பேக்கேஜில் சேரப் போகிறீர்களா? ரத்த உறைவு பற்றிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

என் அக்காவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. "பேக்கேஜ்ல எல்லாமே அடங்கிடும் சார்" என்றுதான் கவுன்சிலர் சொன்னார். பில்லில் தனியாக இரண்டு வரிகள் இருந்தன: டிவிடி பம்ப் வாடகை, டிவிடி ஸ்டாக்கிங்ஸ் (இறுக்கமான காலுறை). டிவிடி (DVT) என்றால் காலின் ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைவது.

பம்ப் என்பது காலில் உறையைச் சுற்றி, காற்றடித்து விட்டுவிட்டு அழுத்தும் மெஷின். ரத்தம் காலில் தேங்காமல் இருப்பதற்காக வைப்பது. அந்த உறை அக்காவின் கெண்டைக்காலைச் சுற்றி வரவேயில்லை, ஒட்டுப்பட்டை இரண்டு விரல் அகலம் எட்டாமல் நின்றது. "பெரிய சைஸ் ஸ்டாக் இல்லக்கா" என்று நர்ஸ் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். குண்டானவர்களுக்கென்றே நடத்தும் வார்டில் பெரிய சைஸ் இல்லையாம்! ஸ்டாக்கிங்ஸ் கதையும் அதேதான். டேப் வைத்துக் காலை அளக்காமல் மாட்டியதால் முழங்காலுக்குக் கீழே சுருண்டு, கயிறு கட்டியதுபோலத் தடம் பதிந்திருந்தது. அப்படிச் சுருண்டால் ரத்த ஓட்டம் இன்னும்தான் தடைபடும்.

வார்டில் இருந்தவரை ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லை. வைட்டமின், அசிடிட்டி மாத்திரை, புரோட்டீன் பவுடர், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த சில நாளில் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது, வலியும் இருந்தது. போட்டோ எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு வாட்ஸப் அனுப்பினோம். "நல்லா நடங்க மேடம், சரியாகிடும்" என்று பதில், கூடவே ஒரு கட்டைவிரல். டாக்டரிடம் பேச வேண்டும் என்று கேட்டதற்கு, ரிவ்யூ தேதியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் தொடை வரைக்கும் உறைவு. நல்லவேளை, நுரையீரலுக்குப் போகவில்லை.

இந்த இரண்டாவது ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடல் பருமனே ஒரு அபாயம். அதோடு ஆபரேஷனில் அசையாமல் படுத்திருப்பது, வயிற்றுக்குள் நிரப்பும் வாயுவின் அழுத்தம், பிறகு தண்ணீர் சரியாகக் குடிக்க முடியாமல் போவது எல்லாம் சேர்கின்றன. எடை குறைப்பு ஆபரேஷனில் இந்த உறைவுகளில் பெரும்பாலானவை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான் வருகின்றனவாம். அதனால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வீட்டிலும் 2 முதல் 4 வாரம் ஊசியைத் தொடரச் சொல்வது உண்டு. அளவையும் எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" ஆமாம், மாதவிடாய்க்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை. அந்தச் சீட்டின் நகல் முதல் ஆஸ்பத்திரி ஃபைலிலேயே இருக்கிறது. அதை ஆபரேஷனுக்குச் சுமார் 4 வாரம் முன்பே நிறுத்துவது பற்றி அங்கே ஒருவராவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

முதல் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட், அதாவது சிகிச்சைப் பதிவின் நகல் கேட்டோம், இழுத்தடித்தார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பம்ப் ஓடியதாக டிக். அந்த நகலையும் பில்லையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறோம்.

அக்கா இப்போது உறைவைக் கரைய விடும் சிகிச்சையில் இருக்கிறாள், குறைந்தது 3 மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் ஆகி ஒரு கால் மட்டும் வீங்கினால், அன்றைக்கே டாப்ளர் எடுத்துவிடுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால் வாயுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயிலும் உறைவு வரலாம். அதற்கு ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.