கவிவனாரா, பலூ தம்பியா? காவடி அழைப்பிதழுக்கு எது சரி?

மொரீசியஸில் தைப்பூசக் காவடி நோட்டீஸ் என்றால் தமிழும் பிரெஞ்சும் ஒரே தாளில் வரும். கையெழுத்துச் சாயலுக்காகப் பலர் காமிக் சான்ஸ் எழுத்துருவை எடுக்கிறார்கள். அதில் தமிழே கிடையாது. விண்டோஸ் தமிழ் வரியை நிர்மலா என்ற தன் எழுத்துருவுக்கு மாற்றிவிடும். பிரெஞ்சு துள்ளிக்கொண்டிருக்க, தமிழ் அரசாங்கப் படிவம் மாதிரி விறைத்து நிற்கும். இரண்டு எழுத்துகளும் உள்ள எழுத்துருவே வேண்டும். கவிவனாரிலும் பலூ தம்பி 2-லும் அவை உண்டு, பிரெஞ்சின் அக்சான் (é, è), செதீல் (ç) குறிகள் உட்பட. இரண்டும் இலவசம்; அச்சடிக்கத் தனி அனுமதி வேண்டாம்.

தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார், சாய்வான பேனா எழுத்து. திருமண அழைப்பு, நன்றி அட்டை, தலைப்பு வரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். ஒரே ஒரு தடிமன்தான். மென்பொருளில் போல்டு அழுத்தினால் கோட்டைச் செயற்கையாகப் பருக்கவைக்கும். ண, ஞ, ஜ ஆகியவற்றின் சுழிகள் அடைந்துபோகும். சாய்வுப் பொத்தானோ ஏற்கெனவே சாய்ந்ததை இன்னும் கவிழ்க்கும். அழுத்தம் வேண்டிய இடத்தில் அளவையோ நிறத்தையோ மாற்றுங்கள். எழுத்தளவை 12 புள்ளிக்கு (பாயின்ட்) கீழே இறக்காதீர்கள். ஜெராக்ஸில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. அது போனால் சொல்லே மாறிவிடும்.

எக் டைப் எழுத்துரு நிறுவனத்தின் பலூ தம்பி 2 நிமிர்ந்த, கொழுத்த எழுத்து. கையெழுத்து என்பதைவிடத் தூரிகை எழுத்து எனலாம். 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள். காத்ர் போர்ன் நகரின் மலையடிவாரத்தில் கட்டும் பதாகைக்கு 700 போதும். சிறிய எழுத்துக்கு 400, 500. ஆனால் கருமாதி அறிவிப்புக்கு இது ஆகாது. முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

இங்கே பலருக்கு வீட்டுமொழி கிரியோல். தமிழைப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். சாய்வெழுத்தில் ன, ண வேறுபாட்டில் தடுமாறுவார்கள். ஆகவே தலைப்பு மட்டும் கவிவனார். கோவில் பெயர், நாள், நேரம் எல்லாம் பலூ தம்பி.

எதை எடுத்தாலும் சிக்கும் இடங்கள் சில உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நின்றால் பழி எழுத்துருமேல் இல்லை, பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். எழுத்திடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும், கூட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரியும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்கு வையுங்கள். குறைத்தால் மேல்வரியின் ‘கு’ வால், கீழ்வரியின் பிரெஞ்சுப் பெரிய எழுத்தின் அக்சானில் இடிக்கும்.

பிறகு தமிழ் வரியின் அளவு. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்காக 1998-இல் கொதித்த ஊர் இது. ஒரே புள்ளி அளவிலும் தமிழ் சிறிதாகத் தெரிந்தால் அதை மட்டும் 5 முதல் 10 சதவீதம் ஏற்றுங்கள். பிழை திருத்தி முடித்த பிறகே எழுத்தை வரைகோடாக (அவுட்லைன்) மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். மாற்றியபின் ஒரு ஒற்றுப்பிழையைக்கூடத் தட்டச்சில் திருத்த முடியாது.