அணையாத ஏபிஎஸ் விளக்கு: ஓடித் தேய்ந்த கார்களில் கண்டவை

ஏபிஎஸ் என்பது பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு. சாவியைத் திருப்பியதும் அதன் மஞ்சள் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும் சாதாரண பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். ஆனால் மழைச் சாலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் இரு விளக்கும் எரிந்தால், முன்பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் ஈபிடியும் நின்றிருக்கலாம். அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழலும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள்.

“ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு” என்று யாராவது சொன்னால் உடனே நம்ப வேண்டாம். சில வருடம் ஓடிய கார்களில் பெரும்பாலும் பழுதாவது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் வீல் ஸ்பீடு சென்சார், அதன் வயர், சக்கரத்தோடு சுற்ற அந்தச் சென்சார் பார்க்கும் பல்வளையம் ஆகிய மூன்றில் ஒன்றுதான். பம்ப், வால்வுகள், மின்னணுக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த யூனிட்டைச் சந்தேகிப்பது கடைசியில்.

முதலில் பேட்டரி. இன்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். வலுவிழந்த பேட்டரியால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் வோல்ட் சரிந்தாலே விளக்கு எரியும் வண்டிகள் உண்டு. அடுத்து ஃபியூஸ். பம்ப் மோட்டாருக்கும் வால்வுகளுக்கும் பானெட்டுக்குள் பெரிய ஃபியூஸ்கள், கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தனியாகச் சிறிய ஃபியூஸ் என்று இருக்கும். எல்லாவற்றையும் மீட்டரால் சோதியுங்கள்.

பிறகு, வண்டி தன் பழுதைக் குறித்து வைக்கும் ‘கோடு’ (code) எண்களைப் படிக்கும் ஸ்கேனர். மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டுமே படிக்கும். ‘கோடு இல்லை’ என்று அது காட்டுவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர்தான் வேண்டும். பல வண்டிகளில் சி0035 என்றால் முன் இடது சென்சார் சர்க்யூட். இதில் முக்கியமான சொல் ‘சர்க்யூட்’. சென்சார், வயர், கனெக்டர், வளையம் எல்லாம் அதற்குள் அடக்கம். கோடு வந்ததும் சென்சாரை வாங்கி மாட்டுவதால் பணம் வீணாவது இங்கேதான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நான்கு சக்கர வேகத்தையும் ஸ்கேனர் திரையில் பார்க்கட்டும். நேர்ச்சாலையில் 20–30 கி.மீ. வேகத்தில் நான்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றால் வயர் அல்லது சென்சார். ஒன்று மட்டும் துள்ளினால் வளையம் அல்லது பேரிங். வேகம் குறையும்போது ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பூஜ்யமானால் சென்சாருக்கும் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அல்லது சென்சார் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறது.

பழைய சுருள் வகை சென்சாரில் பிளக்கைக் கழற்றி இரு முனைகளுக்கு இடையே அளந்தால் பெரும்பாலும் 800 முதல் 2000 ஓம் காட்டும். எண்ணைவிட, எதிர்ப்பக்கச் சென்சாருடன் ஒப்பிடுவதே நம்பகமானது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் வோல்ட் எழ வேண்டும். இப்போதைய கார்களில் இருக்கும், மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஹால் வகையை ஓமில் அளந்து பயனில்லை. சாவியைப் போட்டு, வண்டிப்பக்கக் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பேட்டரி வோல்ட்டை ஒட்டி வரும். அங்கே எதுவும் வராவிட்டால் சென்சாரை மாற்றி ஒன்றும் ஆகாது. எலி கடித்த வயர், களிம்பேறிய கனெக்டர் இரண்டையும் தேடுங்கள்.

வயர் முறிவது பெரும்பாலும் ஸ்டியரிங் திரும்பும்போது மடியும் இடத்தில். மேலுறை நன்றாகத் தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீட்டரைப் பிடித்தபடி வயரை அசைத்தால் அகப்படும். அந்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு நிலைக்காது. மடிந்து மடிந்து விட்டுவிடும், மழைநீரும் இறங்கும். வயரோடு சேர்ந்த சென்சாரை மாற்றுவதே முடிவான தீர்வு. கிளிப்புகளைப் பழைய இடத்தில் மாட்டாமல் விட்டால் புது வயரும் டயரில் உரசிப் போகும். மலிவு சென்சார்களில் வயர் நீளமும் கிளிப் இடமும் பொருந்துவதில்லை என்பதால், இந்த ஒரு பாகத்தில் ஒரிஜினலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணல்ல.

விளக்கு எரியாமலேயே வரும் பழுது ஒன்று உண்டு. சிக்னலில் மெதுவாக நிறுத்தும் கடைசி நேரத்தில், காய்ந்த சாலையிலும் பெடல் கரகரவென்று அதிரும். பல்வளையத்தின் அடியில் துரு உப்பி, வளையம் விரிசல் விட்டிருக்கும். விரிசல் வரும் இடத்தில் சக்கரம் சட்டென்று மெதுவானதாக யூனிட் கணக்கிட்டு, பிரேக்கைத் தளர்த்திவிடும். சக்கரத்தைத் தூக்கி, டார்ச் அடித்து ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் தெரியும். இதை ‘சும்மா சத்தம்’ என்று விடக்கூடாது; நிற்க வேண்டிய தூரம் உண்மையிலேயே கூடுகிறது.

வீல் பேரிங் மாற்றிய கையோடு விளக்கு எரிந்தால், பேரிங் திருப்பி இறக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வி. பல பேரிங்குகளில் பல்வளையத்துக்குப் பதிலாக ஒரு பக்க சீலில்தான் காந்தப்பட்டை இருக்கிறது. அது சென்சாரைப் பார்த்திருக்க வேண்டும். பொருத்தும் முன் குண்டூசியை அருகே கொண்டுபோங்கள், இழுக்கும் பக்கமே சென்சார் பக்கம்.

சென்சாரைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. போல்ட் துருவேறி உடையும், பிளாஸ்டிக் உடலும் துளைக்குள் இறுகியிருக்கும். துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, இடவலமாகத் திருகி எடுங்கள், சுத்தியல் வேண்டாம். துளையையும், சென்சார் உட்காரும் பரப்பையும் உப்புத்தாளால் துருவில்லாமல் தேய்க்காவிட்டால் இடைவெளி கூடிப் புது சென்சாரும் தப்பாகப் படிக்கும்.

ஸ்கேனரில் பழுதுக் கோடுகளை அழித்ததும் விளக்கு அணையாத வண்டிகள் பல. சக்கரங்களின் சிக்னலைச் சரிபார்க்க ஓட்டியாக வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டும்வரை பொறுத்துப் பாருங்கள்.

நான்கு சிக்னலும் சுத்தம், ஃபியூஸும் எர்த் போல்ட்டும் சரி, அப்போதும் பம்ப் அல்லது வால்வு கோடு திரும்பினால்தான் யூனிட். பல வண்டிகளில் மின்னணுப் பகுதியை மட்டும் கழற்றிப் பழுதுபார்க்க முடியும். பிரேக் குழாயைத் தொடாவிட்டால், பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றெடுக்கும் வேலை இல்லை. முழு யூனிட்டையும் மாற்றினால் ஸ்கேனர் வழியாக பம்பை ஓடவிட்டுக் காற்றெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பல மாடல்களில் பெடலை மிதித்து மட்டும் எடுத்தால் உள்ளே காற்று தங்கி, பெடல் மெத்தென்றே இருக்கும்.