பீட் எங்கே இருக்கக்கூடும்? பழைய வரைபடம், செயற்கைக்கோள், காமா அளவி: ஓர் அலசல்

ஒரு நிலத்தில் பீட் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் கம்பியை இறக்கிப் பார்க்க வேண்டும். நீரில் ஊறி, பாதி மட்கிக் கிடக்கும் தாவர எச்சம்தான் பீட். எடுத்த மண்ணைக் காயவைத்து 550 பாகை செல்சியஸில் எரித்தால், குறைகிற எடை அதிலுள்ள கரிமப்பொருளின் அளவைக் காட்டிவிடும். ஆனால் உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காட்டில் பரவிக் கிடப்பதை எத்தனை இடத்தில் குத்திப் பார்ப்பது? அதனால்தான் ‘இருக்கக்கூடும்’ என்று சொல்லும் வரைபடங்கள் வருகின்றன. அவற்றைத் தயாரிக்கும் முறைகள் பெரும்பாலும் பீட்டைப் பார்ப்பதில்லை, அதன் அடையாளத்தைத்தான் பார்க்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே ஏமாறும் என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது.

பழைய மண் வரைபடத்தை நான் மதிக்கிறேன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் வரைந்தது. ஆனால் 1:2,50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். அதைவிடப் பெரிய சிக்கல் வயது. வடிகால் வெட்டிய நிலத்தில் காற்றுப் பட்டு பீட் மட்கிக் கரைந்துபோகிறது. இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் 1850-களின் தொடக்கத்தில் தரைமட்டத்துக்கு இறக்கிய இரும்புத் தூண், இன்று ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் எழும்பவில்லை, தரைதான் இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய எல்லைக்கோட்டை நம்பினால், இல்லாத பீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்போம்.

செயற்கைக்கோள் மலிவு, புதிது. சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அது பார்ப்பது மேலே வளர்வதை. பாசி படர்ந்த திறந்த சதுப்பில் கெட்டிக்காரன். உழுது பயிரிட்ட பீட் நிலத்தில் குருடன், பயிர்தானே தெரியும்! அடர்காட்டில் சென்டினல்-1 ரேடாரின் சுமார் 5.5 செ.மீ. அலை இலைக்கூரையிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். வேறு ரேடார்கள் விடும், சுமார் 23 செ.மீ. நீளமுள்ள எல்-அலைகள் உள்ளே இறங்கி, மரத்தடியில் நீர் நிற்பதைக் காட்டும். காங்கோ படுகையில் 1,45,500 சதுர கி.மீ. பீட் இருப்பதாக 2017-ல் வெளியான வரைபடமும் விண்ணிலிருந்து மட்டும் வரையப்பட்டதல்ல. சதுப்புக்காட்டுக்குள் நடந்து, எந்த வகைக் காட்டின் அடியில் பீட் கிடக்கிறது என்று பார்த்த பிறகே படங்களுக்குப் பொருள் கிடைத்தது.

உரிய மதிப்பு கிடைக்காத முறை காமா அளவி என்பேன். கனிம மண்ணிலும் பாறையிலும் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவை காமா கதிர்களை விடுகின்றன. ஈரமான பீட் அவற்றை விழுங்கிவிடும். அரை மீட்டர் தடிமனே பெரும்பகுதியை மறைக்கப் போதும். தாழப் பறக்கும் விமானத்தில் அளவியை வைத்தால் பீட் இருண்ட திட்டாகத் தெரியும். 60 செ.மீ. பீட்டையும் 6 மீட்டர் பீட்டையும் அது பிரித்தறியாது என்பது வழக்கமான புகார். மேல்மண்ணில் பீட் உண்டா என்பதுதான் கேள்வி என்றால் அது குறையே இல்லை. மேலே புல்லா பயிரா என்பதும் அதற்குப் பெரிய பொருட்டல்ல. ஏமாறுவது வேறு இடத்தில்: ஏரி, நீர் தேங்கிய சாதாரண மண், இயல்பிலேயே கதிர் குறைந்த பாறை. விமானச் செலவும் உண்டு.

இவை எல்லாவற்றையும் சரிவு, உயரத் தரவுகளோடு கணினிக்கு ஊட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிகழ்தகவு வாங்குவது இப்போதைய பாணி. சிறந்த முறை கேட்டு இந்தோனேசியா 2016-ல் அறிவித்த 10 லட்சம் டாலர் பரிசும், 2018-ல் லைடார் (லேசர் ஒளியால் தரையின் உயரத்தை அளப்பது), செயற்கைக்கோள், கள அளவீடு மூன்றையும் கலந்த குழுவுக்கே போனது. என் வாக்கும் இதற்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, பீட் என்றால் எத்தனை தடிமன்? 30, 40, 50 செ.மீ. என்று ஆளுக்கொரு வரையறை. அதை மாற்றினால் வரைபடமே மாறும். இரண்டாவது, கணினியின் பயிற்சிக்குத் தந்த, கம்பி இறக்கிப் பார்த்த புள்ளிகள் சாலையோரமாகவே குவிந்திருந்தால், மற்ற இடங்களுக்கான எண் வெறும் ஊகம்.

கையில் காமா தரவு இருந்தால் வடிகால் வெட்டிய வயல்களுக்கு அதை முன்னால் வையுங்கள். திறந்த சதுப்புக்குச் செயற்கைக்கோளே போதும். கம்பியை நிகழ்தகவு 0.9 வந்த கட்டங்களில் வீணாக்க வேண்டாம். 0.4-க்கும் 0.6-க்கும் நடுவே தத்தளிக்கும் கட்டங்களில் இறக்குங்கள்.