ஈரல் தட்டைப்புழு மருந்து என்று நம்பி ஏழு ஆடுகளைப் பறிகொடுத்தேன்

ஏழாவது ஆட்டை நேற்று மாலை புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கால்நடை மருந்துகளை இணையத்தில் விற்கும் ஒரு தளத்தை நம்பியதால் ஐந்தே வாரங்களில் ஏழு ஆடுகள் போய்விட்டன. நீங்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

சதுப்போரம் மேய்ந்த ஆடுகளில் இரண்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. கீழிமையை விலக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தளத்தின் ஆலோசகரிடம் இதைச் சொன்னபோது, "மேய்ச்சல் நிலத்தில் தண்ணீர் தேங்குமா, சிறு நத்தைகள் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். நத்தையைப் பற்றி விசாரிப்பவருக்குத் தொழில் தெரியாமலா இருக்கும்? புழுக்கையோடு விழும் தட்டைப்புழுவின் முட்டை நீரில் பொரிவதையும், அதன் குஞ்சு ஒரு நத்தைக்குள் புகுந்து சில வாரங்களில் பல நூறாகப் பெருகி வெளியேறுவதையும், நீரோரப் புல்லில் கடுகினும் சிறிய உறைகளாக ஒட்டிக்கொண்டு, மேயும் ஆட்டின் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போவதையும் அவர் பிழையின்றி விளக்கினார். அவ்வளவும் உண்மை. அதையெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் புழுவுக்குச் சம்பந்தமே இல்லாத மருந்தை என் தலையில் கட்டினார்.

மருந்து கொடுத்த மறுவாரமே முதல் ஆடு செத்தது. "வேலை செய்ய நாளாகும்" என்றார்கள். மூன்றாவது செத்தபோது, நான் அளவைக் குறைத்துக் கொடுத்திருப்பேன் என்றார்கள். எடை போட்டுத்தான் கொடுத்தேன் என்றதும் படம் கேட்டார்கள், அனுப்பினேன், பதிலில்லை. ஐந்தாவதுக்குப் பிறகு, புகாருக்கான கெடு முடிந்துவிட்டதாக ஒற்றை வரி வந்தது. ஏழு ஆடுகளுக்கு ஒற்றை வரி!

நேற்று கால்நடை மருத்துவர் ஏழாவது ஆட்டை அறுத்துப் பார்த்தார். தடித்துப்போன பித்தநாளத்தைக் கீறி ஈரலை அழுத்தியதும், நனைந்த சிற்றிலைகளைப் போலத் தட்டையான புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வந்தன. அதன்பின் மருந்துப் புட்டியை வாங்கி, "அனைத்துப் புழுக்களுக்கும்" என்று மேலே ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்தார். அடியில் ஐவர்மெக்டின் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. அது உருளைப்புழுக்களுக்கும் சொறிப்பூச்சிகளுக்குமான மருந்து; தட்டைப்புழுவை ஒன்றும் செய்யாது. இந்தத் தாளை முதல் நாளே உரித்துப் பார்க்காத என்னையும் சேர்த்தேதான் திட்டிக்கொள்கிறேன்.

விரிவாக எழுத இப்போது பொறுமையில்லை. புட்டியில் மருந்தின் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள். அல்பெண்டசோல் வளர்ந்த தட்டைப்புழுவை மட்டுமே கொல்லும், ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் இளம் புழுவுக்கு டிரைக்ளபெண்டசோல்தான் என்று மருத்துவர் சொன்னார். எதுவானாலும் அவரிடம் கேட்டுக் கொடுங்கள். புழுக்கைப் பரிசோதனையில் முட்டை இல்லையென்றாலும் நிம்மதியடைய வேண்டாம், புழு முட்டையிடத் தொடங்கவே பத்து வாரங்களுக்கு மேல் ஆகும். நத்தை இருக்கும் ஈரநிலத்துக்கு வேலி போடுங்கள். எஞ்சியிருப்பவற்றில் இன்னொன்றுக்கும் இன்று காலை தாடை வீங்கியிருக்கிறது, மருத்துவர் வந்துகொண்டிருக்கிறார்.