நிலக்கரி ரயில் எஞ்சின்களும் ஒரு 70-300 லென்ஸும்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

நிலக்கரி ரேக்குகளை (வேகன் தொடர்களை) இழுத்துவரும் மின் எஞ்சின்களைப் படமெடுப்பதற்கென்றே எட்டு ஆண்டுகளுக்கு முன் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் பொருத்தி, ஏறக்குறைய இந்த ஒரு வேலைக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தி வருகிறேன். பறவைகளுக்கும் விளையாட்டுப் போட்டிகளுக்கும் இவ்வகை லென்ஸ் எப்படி உழைக்கும் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். கரித்தூசியிலும் வெக்கையிலும் ஆண்டுக்கணக்கில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை விரிவாகப் படிக்க எனக்கு வாய்க்கவில்லை; ஆகவே நானே எழுதுகிறேன். வாங்கியபோது எனக்கு வேண்டியிருந்தது தொலைவை மிக அருகில் காட்டும் 300 மி.மீ. முனைதான். இன்று என் தொகுப்பில் நான் மதிக்கும் படங்களில் பெரும்பாலானவை 100 முதல் 150 மி.மீ.க்குள் எடுக்கப்பட்டவை.

ரயிலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பயணிகள் ரயிலைப் போல நிலக்கரி ரயிலுக்குப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய கால அட்டவணை கிடையாது. லெவல் கிராசிங் கேட் சாத்தப்படுவதும், சிக்னல் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் இரட்டை மஞ்சளுக்கும் மாறுவதும்தான் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. ஆனால் நிலக்கரியின் வழியைத் தெரிந்துகொண்டால் ஓரளவு கணிக்க முடியும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து வரும் நிலக்கரி பாராதீப் துறைமுகம் வரை ரயிலிலும், அங்கிருந்து எண்ணூர் வரை கப்பலிலும், பிறகு மீண்டும் ரயிலேறி மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கும் போகிறது. அதாவது நிறை ரேக் மேற்கு நோக்கிப் போகும். காலி ரேக் கிழக்கு நோக்கித் திரும்பும். இந்த எளிய உண்மை ஒளியையும் முடிவு செய்கிறது. மேற்கே போகும் எஞ்சினின் முகத்தில் வெயில் விழுவது பிற்பகலில்தான். காலை வெயில் காலி ரேக்கை இழுத்துவரும் எஞ்சினுக்கே உரியது. பெட்டி விளிம்புக்கு மேலே கரி குவிந்து தெரியும் நிறை ரேக்கை நல்ல ஒளியில் எடுக்க வேண்டுமானால், நாள் முழுதும் காய்ந்த ஜல்லியின் மேல்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

300 மி.மீ. முனை என்னைக் கைவிட்டது இங்கேதான். ஜல்லியும் தண்டவாளமும் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு அடர்த்தி கொள்ளும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. அரை கிலோமீட்டர் தள்ளி வரும் எஞ்சினை 300 மி.மீ.யில் பிடித்தால், கானல் நீருக்குள் மிதந்து வருவது போல முகப்பிலுள்ள எஞ்சின் எண்கள் நெளிகின்றன. முதல் இரண்டு கோடைகளிலும் இதை லென்ஸின் குறை என்றே நம்பி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை எஃப்/5.6-இலிருந்து எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் குறைத்துப் பார்த்தேன்; ஷட்டர் வேகத்தை 1/2000 வரை ஏற்றிப் பார்த்தேன். பயனில்லை. இடையிலுள்ள காற்றின் நீளத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. எஞ்சின் 80 மீட்டருக்குள் வரும் வரை காத்திருந்து 120 மி.மீ.யில் எடுத்த படத்தில் அதே லென்ஸ், அதே மாலையில், வண்டிகளை இணைக்கும் கொக்கியான கப்ளரின் கிரீஸ் பூச்சு வரை தெளிவாகக் காட்டியது. மழை பெய்து ஓய்ந்த நாட்களிலும் மார்கழி, தை மாதக் காலைகளிலும் 300 மி.மீ. முனை தன் முழுத் தகுதியைக் காட்டும். அப்போதும் வளைவான பாதையாக இருந்தால்தான் அதை நாடுவேன், ஏனெனில் வளைவில் தொலைவிலிருந்து எடுத்தால் பின்னால் வரும் வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கித் தெரியும்; ரேக்கின் பாரம் கண்ணுக்குப் புலப்படும்.

எத்தனை மி.மீ.யில் எடுப்பது என்ற குவிய நீளத்தை எஞ்சின் வகையும் தீர்மானிக்கிறது. சரக்கு மின் எஞ்சின்களின் பெயரில் வரும் டபிள்யூஏஜி என்ற மூன்றெழுத்தில் முதலாவது அகலப்பாதையையும், இரண்டாவது மாறுமின்னோட்டத்தையும், மூன்றாவது சரக்குப் பணியையும் குறிக்கும். ரயில் ஆர்வலர்கள் இதை ‘வேக்’ என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். 5,000 குதிரைத்திறன் கொண்ட வேக்-7, 1996-இல் அறிமுகமான 6,120 குதிரைத்திறன் வேக்-9 ஆகியவற்றைத்தான் நான் மிகுதியாக எடுத்திருக்கிறேன். வேக்-9 ஏறத்தாழ 20.5 மீட்டர் நீளம். அதைப் பக்கவாட்டில் முழுமையாக 70 மி.மீ.யில் அடக்க, தண்டவாளத்திலிருந்து 40 மீட்டருக்கு மேல் விலகி நின்றாக வேண்டும். மாதேபுராவில் தயாராகி 2020 மே மாதம் பணிக்கு வந்த 12,000 குதிரைத்திறன் வேக்-12பி இரண்டு பகுதிகளாக இணைந்த எஞ்சின் என்பதால், ஏறக்குறைய இரு மடங்கு தொலைவு தேவைப்படுகிறது. நான் வழக்கமாக நிற்கும் மேட்டிலிருந்து வேக்-9 கச்சிதமாக அடங்கும். வேக்-12பி வந்தபோது முதன்முறையாக இந்த லென்ஸின் 70 மி.மீ. முனை எனக்குப் போதவில்லை. இவ்வேலைக்கு 70 மி.மீ.க்குக் கீழே ஒன்றும் தேவைப்படாது என்று முன்பு நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அது தவறு.

ஃபோகஸ் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நேர் எதிரே வரும் எஞ்சினின் ஹெட்லைட் எரியும்போது தானியங்கி ஃபோகஸ் அந்த வெளிச்சத்தில் சிக்கித் தடுமாறுகிறது. கரி படிந்த வேகனின் பக்கவாட்டில் வைத்தால் பற்றிக்கொள்ள வேறுபாடு எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் அலைகிறது. முகப்பில் எழுதப்பட்டிருக்கும் எஞ்சின் எண்ணின் மீது ஒற்றைப் புள்ளியை வைப்பதே நான் கண்ட நம்பகமான முறை. எஞ்சின் எண் கூர்மையாக விழுந்தால் குறிப்பேட்டுக்கும் அது உதவும்: 31 ஆயிரத்தில் தொடங்கும் வரிசை வேக்-9, 60 ஆயிரத்தில் தொடங்குவது வேக்-12பி என்று வீட்டில் நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். எஞ்சினின் உடலில் எழுதியிருக்கும் ஷெட் (பராமரிப்புப் பணிமனை) பெயரையும் விடக் கூடாது. ஜார்க்கண்டின் கோமோ என்றோ நாக்பூரின் அஜ்னி என்றோ எழுதிய எஞ்சினை நம் பக்கத்தில் பார்க்கும்போது, அது கடந்து வந்திருக்கும் தொலைவை எண்ணி எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. பயணிகள் ரயிலுக்கு வழிவிட்டு லூப் லைன் என்ற பக்கப் பாதையில் நிற்கும் சரக்கு ரயில்தான் இதற்கு நல்ல வாய்ப்பு.

ஒளியளவில் ஒரே ஒரு எச்சரிக்கை. கரியின் கருமையைப் பார்த்துக் கேமரா படத்தை வெளிறச் செய்யும். ஹெட்லைட்டைப் பார்த்து இருட்டாக்கும். 60 கி.மீ. வேகத்தில் எஞ்சின் மட்டும் நம்மைக் கடக்க ஏறத்தாழ ஒன்றேகால் வினாடிதான் ஆகும். எனவே ரயில் தெரிவதற்கு முன்பே ஜல்லியின் மேல் விழும் ஒளியை அளந்து ஒளியளவைக் கையால் அமைத்துவிடுவேன். ஃபிளாஷ் கூடவே கூடாது; அது எஞ்சினை ஓட்டும் லோகோ பைலட்டின் கண்ணைக் கூசச் செய்யும். தண்டவாளப் பகுதிக்குள் அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். ஜூம் லென்ஸ் கையில் இருப்பதே வேலிக்கு வெளியே நிற்பதற்காகத்தான் என்று கருதுகிறேன்.

லென்ஸின் உழைப்பைப் பொறுத்தவரை, மூன்றாம் ஆண்டில் அதன் நீளும் குழல் தளர்ந்தது. கழுத்தில் தொங்கவிட்டால் தானாகவே 300-க்கு இறங்கிவிடும். நீளும் குழல் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளிழுக்கிறது, அத்துடன் கரித்தூசியையும். முன்கண்ணாடியில் படிந்த கரித்தூசியைத் துணியால் துடைத்து மெல்லிய கீறல் ஒன்றை நானே உண்டாக்கினேன். முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி என்ற வரிசையை அதன் பிறகு மீறியதில்லை. ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் உள்வில்லையின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்தது. ஒரு பழுதுநீக்குநரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பின் ஃபோகஸ் வளையம் சற்று இறுகித் திரும்பியது. படத்தின் தரம் குறையவில்லை. இப்போது ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும் உலர்பெட்டியில் வைக்கிறேன். இவ்வகை லென்ஸைப் பழையதாக வாங்குபவர்கள் குழலை முழுதாக நீட்டி, பின்பக்கமிருந்து விளக்கொளியில் ஓரங்களைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

லென்ஸை நான் மாற்றப் போவதில்லை. பழகிய முறையைத்தான் மாற்றிக்கொண்டேன். அதற்குக் கொடுத்த விலை மட்டும் திரும்பி வராது. முதல் இரண்டு ஆண்டுகளில் வேக்-5 எஞ்சின்கள் இரண்டிரண்டாக இணைந்து நிலக்கரி ரேக்குகளை இழுத்து வந்தன. அவற்றை எடுத்த படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே 300 மி.மீ.யில், படச் சட்டம் முழுவதையும் எஞ்சினின் முகப்பே நிரப்பும்படி எடுத்தவை. இரண்டாவது எஞ்சின் தெரியவில்லை, ஒரு வேகன்கூடத் தெரியவில்லை. அந்த எஞ்சின் இழுத்தது கரியா, சிமென்ட்டா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வேக்-5 எஞ்சின்கள் படிப்படியாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றன. நான் நிற்கும் மேட்டின் பக்கம் அவை இரண்டிரண்டாக இணைந்து வந்து வெகுநாளாகிறது. இப்போதெல்லாம் 120 மி.மீ.யில் வைத்து, கடைசி வேகன் வளைவைக் கடக்கும் வரை விரலை எடுப்பதில்லை.